தொடாக்காஞ்சியும் வலசைப் பறவையும்: போர்க்காலப் பெண்வாழ்வுப் புதினங்களில் பறவைக் குறியீட்டை வாசிக்கும் முறை குறித்து

ஆய்வுச் சுருக்கம்

போர்க்காலத்துப் பெண்களின் வாழ்வைப் பேசும் புதினங்களில் வரும் பறவைகளை ‘விடுதலையின் குறியீடு’ என ஒரே சொல்லில் முடித்துவிடும் போக்கு தமிழாய்வில் வேரூன்றியுள்ளது. அந்த வாய்பாடு பனுவலுக்கும் பனுவல் பேசும் பெண்களுக்கும் நேர்மை செய்வதில்லை என்பது இக்கருத்துரையின் துணிபு. அதீக் ரஹீமியின் ‘பொறுமைக் கல்’ என்னும் பிரெஞ்சுப் புதினத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, புறத்திணை மரபில் பெண்ணுக்கும் புள்ளுக்கும் உள்ள உறவின் துணையால் அதனை வாசித்து, ஈழப் புதின ஆய்வுக்கு அவ்வாசிப்பு தரும் பயன் இங்குச் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பறவைக் குறியீடு, தொடாக்காஞ்சி, கருப்பொருள், போர்ப் புதினம், பெண்ணிய வாசிப்பு, ஈழ இலக்கியம்.

முன்னுரை

குறியீட்டாய்வு தமிழ்த்துறைகளில் எளிதில் கைக்கொள்ளப்படும் ஆய்வுமுறை. முதுகலை ஆய்வேடு தொடங்கி முனைவர் பட்ட ஆய்வேடு வரை ‘குறியீடுகள்’ என்றோர் இயல் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. அவ்வியலில் மரம் என்றால் மரபு, ஆறு என்றால் காலம், கூண்டு என்றால் அடிமைத்தனம், பறவை என்றால் விடுதலை எனப் பொருள் வரையறுக்கப்படுகிறது. பெண்களைப் பற்றிய புதினமாயின் கூண்டும் பறவையும் இணைந்தே வந்துவிடுகின்றன. அப்புதினம் போர்ச்சூழலில் அமைந்திருப்பின், பெண் பறக்கத் துடிக்கும் பறவை, போர் அவளைப் பூட்டிய கூண்டு என்ற முடிவு புதினத்தைத் திறக்கும் முன்பே ஆயத்தமாகிவிடுகிறது.

இம்முடிவு எப்போதும் பிழை என்று கூறுவதற்கில்லை. ஆயின் எல்லாப் புதினத்துக்கும் பொருந்தும் முடிவு எந்தப் புதினத்தைப் பற்றியும் புதிதாக ஒன்றையும் சொல்வதில்லை. போரில் வாழ்ந்த பெண் பறவையைக் கண்ட இடம் எது, அப்போது அவள் செய்துகொண்டிருந்த பணி எது, அப்பறவையின் பெயர் யாது என்ற வினாக்கள் கேட்கப்படாமலே போகின்றன. இவ்வினாக்களைக் கேட்பதற்குரிய கருவி தமிழ்ப் பொருளிலக்கண மரபிலேயே உள்ளது.

விடுதலைப் பறவை என்னும் வாய்பாடு

பறவையை விடுதலையோடு இணைத்து நோக்குவது இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் நிலைபெற்றமைக்குப் பாரதியின் சிட்டுக்குருவிப் பாடல் ஒரு முதன்மைக் காரணம். அடிமை நாட்டில் எழுதப்பட்ட அப்பாடலில் குருவி தளையற்ற வாழ்வின் முன்மாதிரியாக நிற்கிறது. மாயா ஏஞ்சலோவின் 1969ஆம் ஆண்டுத் தன்வரலாறு கூண்டுப்பறவையைத் தலைப்பிலேயே ஏந்தியது. பெண்ணிய வாசிப்புகள் தமிழில் பரவிய காலத்தில் இவ்விரு மரபும் ஒன்றாகக் கலந்தன.

ஈழச் சூழலில் இவ்வாய்பாடு அமைப்பு வடிவமே பெற்றது. 1980களில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பெண்கள் அமைப்பு ‘சுதந்திரப் பறவைகள்’ என்னும் பெயரைத் தாங்கியது; அப்பெயரிலேயே இதழும் வெளிவந்தது. இங்கே பறவை கவிஞரின் உருவகமாக மட்டும் இருக்கவில்லை. உயிருள்ள இளம்பெண்கள் தம்மைச் சுட்டிக்கொள்ளும் கூட்டுப்பெயராயிற்று. அவ்வியக்கத்தின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015இல் மறைந்தார். அவருடைய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வெளிவந்தது. ஆயுதம் ஏந்திய பெண்ணின் விடுதலை எவ்வளவு தூரம் விடுதலையாக இருந்தது என்ற வினாவை அந்நூல் தன்விமர்சனத்தோடு எழுப்புகிறது. பறவை எனப் பெயர் சூட்டப்பட்ட பெண்களில் ஒருவரே அப்பெயரின் பொருளை மறுவிசாரணை செய்யும்போது, ஆய்வாளர் மட்டும் பழைய சமன்பாட்டைத் திருப்பி எழுதிக்கொண்டிருத்தல் தகாது.

புறத்திணையில் பெண்ணும் புள்ளும்

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் புள்ளையும் சேர்த்தே எண்ணுகிறார். புள் என்பது அங்கே தனித்து நிற்கும் குறியீடன்று. நிலத்தோடும் பொழுதோடும் மாந்தரின் தொழிலோடும் உணவோடும் பிணைந்த ஒன்று. அப்பிணைப்பின் வழியாகவே உள்ளுறையும் இறைச்சியும் தோன்றுகின்றன. எனவே ஒரு பறவை எதனைக் குறிக்கிறது என்ற வினாவுக்கு முன், அது எங்கே எதைச் செய்துகொண்டிருக்கிறது என்ற வினா வரவேண்டும்.

அகப்பாடல்களில் இதற்குச் சான்று பல. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் குருகு, தலைவன் தலைவியைக் கூடிய பொழுதில் அருகிருந்த ஒரே உயிர். அதன் கண்ணோ ஓடும் நீரில் ஆரல் மீனைத் தேடுகிறது. சாட்சி சொல்ல வாயற்ற, சொல்லும் விருப்பமும் அற்ற சாட்சி அது. அங்கே பறவை தலைவியின் விடுதலையைக் குறிக்கவில்லை. அவளுடைய ஆதரவின்மையை உறுதிப்படுத்துகிறது. குப்பைக்கோழியாரின் பாடலிலோ (குறுந்தொகை 305), விலக்குவார் இன்றிப் பொருதுகொள்ளும் குப்பைக்கோழிகள் தலைவியின் உள்ளத்துயருக்கு உவமையாகின்றன. தொடங்கிவைப்பாரும் முடித்துவைப்பாரும் இல்லாத சண்டையைப் பெண்ணின் அகத்துக்குள் நிகழும் ஒன்றாக அப்புலவர் கண்டார்.

புறப்பாடல்களுக்கு வரும்போது உறவு மாறுகிறது. போர்க்களத்துப் பறவை பிணந்தின்னும் பறவை. பருந்தும் எருவையும் காகமும் வென்ற வேந்தனின் பெருமையைக் கூறும் பாடல்களில் விருந்துண்ண வருகின்றன. பரணி இலக்கியத்தில் இவ்வருணனை உச்சம் பெறுகிறது. ஆண்புலவர் வேந்தனை வாழ்த்தும் இடத்தில் பறவையின் நிறைந்த வயிறு வெற்றியின் அளவுகோல். பெண் பேசும் இடத்திலோ அப்பறவை விரட்டப்பட வேண்டிய ஒன்று. நெடுங்களத்துப் பரணரின் பாடலில் (புறநானூறு 291) களத்தில் வீழ்ந்து கிடப்பவனை அணுகும் பெரும்பறவைகளின் ஆரவாரத்தை விலக்குமாறு துடியரையும் பாடும் சிறாரையும் ஒரு பெண் வேண்டுகிறாள். விளரிப்பண் பாடி நரியைத் தான் ஓட்டுவதாகச் சொல்கிறாள். பறவையைப் பார்த்து ஏங்குவதற்கு அவளுக்கு நேரமில்லை. அவள் செய்வது உடலைக் காக்கும் பணி.

அப்பணி இல்லத்துக்குள் நிகழும்போது அதற்குத் தனித்துறையே வகுக்கப்பட்டது. புண்பட்ட கணவனைப் பேய் அணுகாதவாறு மனைவி காப்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்கிறது. அரிசில்கிழாரின் பாடல் (புறநானூறு 281) அத்துறைக்கு உரியது. மனையில் வேம்பு செருகி, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பி அவனைக் காப்போம் வா எனத் தலைவி தோழியை அழைக்கிறாள். இரவுமுழுதும் நீளும் இக்காவலில் பெண்ணின் சொந்தத் துயர் பேசப்படவில்லை. காக்கும் கைகள் பாடப்பட்டன. அக்கைகளுக்கு உரியவளின் நெஞ்சில் இருந்தது பாடப்படவில்லை.

காக்கைபாடினியார் நச்செள்ளையாரை இங்கு நினைவுகூர்தல் தகும். விருந்து வருவதை அறிவித்துக் கரையும் காக்கைக்குச் சோறிடுவதைப் பாடிய அவர் (குறுந்தொகை 210), அக்காக்கையாலேயே பெயர் பெற்றவர். அவரே போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டி மகனைத் தேடும் முதிய தாயையும் பாடினார் (புறநானூறு 278). அவ்விரண்டாம் பாடலில் பறவையே இல்லை. காக்கையைப் பாடிப் புகழ்பெற்ற பெண்புலவர், காக்கை மிகுதியாக மொய்த்திருக்க வேண்டிய களத்தில் அதனை நுழையவிடவில்லை. பறவையின் இன்மையும் பொருளுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

ஓர் அறையும் ஒரு திரைச்சீலையும்

ஆப்கானிஸ்தானில் பிறந்து பிரான்சில் வாழும் அதீக் ரஹீமி பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘சங்கே சபூர்’ என்னும் புதினம் 2008ஆம் ஆண்டின் கொன்கூர் பரிசைப் பெற்றது. பாரசீகச் சொல்லான அத்தலைப்பு ‘பொறுமைக் கல்’ எனப் பொருள்படும். தன் மறைபொருள்களையெல்லாம் ஒருவர் ஒரு கருங்கல்லிடம் சொல்லிக்கொண்டே வர, ஒருநாள் அக்கல் வெடித்துச் சிதறி, சொன்னவரின் துயரும் தீரும் என்பது அத்தொன்மம். 2005இல் ஹெராத் நகரில் இல்லத்து வன்முறைக்கு இரையான கவிஞர் நாடியா அஞ்சுமனின் நினைவுக்கு அப்புதினம் உரிமையாக்கப்பட்டுள்ளது. தாலிபான் ஆட்சியில் தையற்பயிற்சி என்ற போர்வையில் மறைவாக இலக்கியம் கற்ற ஹெராத் பெண்களுள் அவரும் ஒருவர்.

கதை ஒரே அறையில் நிகழ்கிறது. கழுத்தில் குண்டு பாய்ந்து நினைவிழந்த கணவன் தரையில் கிடக்கிறான். பெயரற்ற மனைவி அவனுக்குக் குழாய்வழி நீர் ஏற்றுகிறாள். கண்ணில் மருந்து விடுகிறாள். செபமாலை உருட்டி அவனுடைய மூச்சைக் கணக்கிடுகிறாள். வெளியே தெருச்சண்டை நடக்கிறது. எடுத்துரைப்பு அவ்வறையை விட்டு வெளியேறுவதே இல்லை. பெண் வெளியே செல்லும்போதும் கதைசொல்லி கணவனோடு அறையிலேயே காத்திருக்கிறார். தமிழ் மாணவருக்கு இக்காட்சி அந்நியமானதன்று. இது தொடாக்காஞ்சி. வேம்பும் வெண்சிறுகடுகும் இருந்த இடத்தில் நீர்க்குழாயும் சொட்டுமருந்தும் உள்ளன. காஞ்சிப்பண் இருந்த இடத்தில் இறைப்பெயர்களின் உச்சரிப்பு உள்ளது.

வேறுபாடுகளும் கருதத்தக்கவை. புறப்பாடலின் கணவன் வேந்தற்கு உற்ற இடுக்கணைத் தாங்கிப் புண்பட்டவன். இப்புதினத்துக் கணவனோ களத்தில் படவில்லை; தன் தரப்பைச் சேர்ந்தவனோடு ஏற்பட்ட சச்சரவில் சுடப்பட்டவன். புண்ணின் பெருமை போய்விட்டது. காவல் மட்டும் எஞ்சியிருக்கிறது. புறப்பாடலில் தோழி இருக்கிறாள். இங்கே எவரும் இல்லை. ஆகவே காவலிருப்பவள் காக்கப்படுபவனிடமே பேசத் தொடங்குகிறாள். தொடாக்காஞ்சித் தலைவி சொல்லாமல் விட்டவற்றை ஒவ்வொன்றாக இவள் சொல்கிறாள். கணவனே அவளுடைய பொறுமைக் கல் ஆகிறான்.

அவ்வறையின் சன்னல் திரைச்சீலையில் வலசைப் பறவைகள் வரையப்பட்டுள்ளன. மஞ்சளும் நீலமும் கலந்த வானத்தில், பறக்கும் நிலையிலேயே அவை உறைந்து நிற்கின்றன. துளைகள் விழுந்த அத்துணியின் வழியே ஒளி அறைக்குள் நுழைகிறது. வாய்பாட்டு வாசிப்பு இவ்விடத்தில் விரைந்து முடிவு காணும்: உறைந்த பறவை, ஒடுக்கப்பட்ட பெண். ஆயின் பறவை வலசைப் பறவை என்பதை அவ்வாசிப்பு கருத்தில் கொள்வதில்லை. வலசை போதல் விருப்ப உலா அன்று. பருவம் மாறுங்கால் உயிர்பிழைக்கும் பொருட்டு மேற்கொள்ளும் பயணம். அப்பறவைக்குத் திரும்பிவரும் இடமும் உண்டு. போரினால் இடம்பெயர்வோருக்கு உறுதியில்லாத ஒன்று அத்திரும்புதலே. ஓரிடத்தில் நிலைத்து வாழ முடியாமையும் ஓரிடத்தை விட்டு நீங்க முடியாமையும் ஒருங்கே அச்சீலையில் தைக்கப்பட்டுள்ளன. மேலும் திரைச்சீலையின் பணி மறைத்தல். தெருவின் கண்ணிலிருந்து பெண்ணை மறைக்கும் துணியில்தான் வானம் வரையப்பட்டுள்ளது. அவளுக்குக் கிடைத்த வானமும் அவளை மறைக்கும் திரையும் ஒரே பொருள்.

காடைப்போர்

திரைச்சீலைப் பறவைக்கு எதிர்நிலையில் புதினத்தில் உயிருள்ள பறவை ஒன்று வருகிறது: அவளுடைய தந்தை வளர்த்த போர்க்காடை. மகள்களிடம் காட்டாத பரிவை அவர் காடைகளிடம் காட்டினார். பந்தயத்தில் தோற்றுப் பணம் கொடுக்க இயலாதபோது, சிறுமியான மூத்த மகளை ஈடாகக் கொடுத்தார். அடுத்தது தானே என அஞ்சிய இளைய மகள், தந்தை இல்லாத வேளையில் காடையைப் பூனைக்கு இரையாக்கினாள், நிலவறையில் அடைக்கப்பட்டாள்.

கூண்டைத் திறக்கும் பெண் இங்கே இருக்கிறாள். எனினும் கூண்டு திறந்தபின் பறவை வானில் பறக்கவில்லை; பூனையின் வாய்க்குள் போகிறது. விடுதலை வாய்பாடு முறியும் இடம் இதுவே. காடையின்மேல் சிறுமிக்கு இரக்கம் தோன்ற இடமில்லை. அவளுடைய வீட்டில் பறவையின் மதிப்பு மகளின் மதிப்பைத் தீர்மானித்தது. பந்தயப் பலகையில் காடைக்கு எதிரே வைக்கப்பட்ட பொருள் அவளுடைய அக்காள். அதனை அழித்தால்தான் தான் பிழைக்க முடியும் என அவள் கணக்கிட்டாள். வலியோன் எளியோனை இன்னொரு எளிய உயிர்மீது ஏவிவிடும் போரின் ஒழுங்கைக் குழந்தைப்பருவத்திலேயே அவள் கற்றுக்கொண்டாள்.

இக்காட்சியைப் படிக்கும் தமிழாய்வாளர் மருதக்கலியை நினையாதிருக்க இயலாது. மருதன் இளநாகனாரின் 95ஆம் கலிப்பாவில், பரத்தையிடம் சென்று திரும்பிய தலைவன், தான் குறும்பூழ்ப் போர் காணச் சென்றதாகக் காரணம் கூறுகிறான். குறும்பூழ் என்பது காடை. தலைவி அச்சொல்லையே பற்றிக்கொண்டு, அவன் கண்ட புதிய குறும்பூழ் எது என்பதைப் பரத்தையர்மேல் ஏற்றி விரித்துரைக்கிறாள். ஆண் மறைப்புக்குப் பயன்படுத்திய பறவையைப் பெண் தன் உரையால் வெளிப்படுத்தும் கருவியாக மாற்றுகிறாள். கலித்தொகையில் காடை ஆணின் பொய்; ரஹீமியின் புதினத்தில் ஆணின் சூதாட்டம். இரண்டிலும் ஆண்கள் பறவைப்போர் என்று பெயரிட்ட ஒன்றின் உண்மையான பந்தயப்பொருள் பெண் என்பதைப் பெண்ணின் பேச்சே வெளிக்கொணர்கிறது. இருபனுவலுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென இங்கு வாதிக்கப்படவில்லை. காடையை வளர்த்துப் பொருதவிட்ட இரு சமூகங்கள் அப்பழக்கத்தின்வழிப் பெண்ணைப் பற்றி என்ன சிந்தித்தன என்பதை அருகருகே வைத்துக் காணும்போது, ‘பறவை விடுதலையின் குறியீடு’ என்ற தொடர் எத்துணை மெலிந்தது என்பது புலனாகும்.

புதினத்தின் இறுதிக் காட்சி இன்னும் நுண்ணியது. கல்லெனக் கிடந்த கணவன் எழுந்து மனைவியைத் தாக்குகிறான். அவள் அவனைக் குத்துகிறாள். குருதியில் வீழ்ந்து கிடக்கிறாள். காற்று எழுகிறது, திரைச்சீலையின் வலசைப் பறவைகள் அவளுடைய உடலின்மேல் பறக்கத் தொடங்குகின்றன. இது விடுதலை என்பார் உளர். அவ்வாசிப்பை முற்றாக மறுக்க இயலாது. பேசி முடித்தவளின் துயர் நீங்கியது என்பதற்குத் தொன்மமே இடந்தருகிறது. ஆயின் வீழ்ந்தவர் உடல்மேல் பறவை வட்டமிடுதல் புறமரபில் எதனை உணர்த்தும் என்பதை அறிந்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. நெடுங்களத்துப் பரணரின் பெண், வீழ்ந்த ஆணின்மேல் பறவை படாதவாறு காக்க ஆள் அழைத்தாள். இங்கே வீழ்ந்திருப்பவள் பெண். ஆணுக்குத் தொடாக்காஞ்சி இருந்தது. பறவையை ஓட்டத் துடியரும் சிறாரும் இருந்தனர். அவளுக்குக் காவலிருக்க எவரும் இல்லை. உயிர்ப்பும் கைவிடப்பட்ட நிலையும் ஒரே அசைவில் நிகழ்கின்றன. அவ்விரண்டையும் பிரிக்காமல் தாங்கி நிற்பதே அப்பறவைகளின் பொருள்.

ஈழப் புதினங்களும் பறிபோன வானமும்

இவ்வாசிப்பு முறை ஈழப் புதினங்களுக்கு உடனடித் தேவையாக உள்ளது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ (2014), தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ (2013), சயந்தனின் ‘ஆதிரை’ (2015), தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ (2016) எனப் போர்க்காலப் பெண்வாழ்வை விரிவாகப் பேசும் புதினங்கள் வெளிவந்துள்ளன. இவற்றுள் தமிழ்நதி தம் நூலுக்குத் தெரிந்தெடுத்த தலைப்பைக் கருதலாம். இந்திய அமைதிப்படைக் காலத்தில் வடபுலத்தில் பரவியதாகக் கூறப்படும் ஒரு களைச்செடியின் பெயர் அது. உலகப்பொதுவான குறியீட்டகராதி எதிலும் அச்செடிக்கு அப்பொருள் இராது. அந்நிலத்தில், அக்காலத்தில் வாழ்ந்தோரின் நினைவிலிருந்தே அது பொருள் பெறுகிறது. கருப்பொருள் என்று தொல்காப்பியர் சுட்டியது இத்தகைய பொருளையே.

பறவைகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் செம்போத்து எனப்படும் பறவை ஈழத்தில் செண்பகம் எனப்படும். விடுதலைப் புலிகள் தேசியப் பறவையாக அறிவித்ததும் இதுவே. ஈழப் புதினமொன்றில் செண்பகம் கத்தினால், தமிழ்நாட்டு மாணவர் அதனை மலரோடு குழப்பிக்கொள்ளவும், அரசியற்பொருளைத் தவறவிடவும் வாய்ப்புண்டு. ஆளைக் கண்டவுடன் ஒலியெழுப்பி ஊரறியச் செய்யும் ஆட்காட்டி, அமைதிக்காலத்தில் தன் முட்டையைக் காக்கும் தாய்ப்பறவை. சண்முகம் சிவலிங்கம் ‘ஆக்காண்டி’ கவிதையில் நாட்டார் பாடலை அடியொற்றி அத்தாய்மையை எடுத்தாண்டார். ஒளிந்து வாழ வேண்டிய காலத்திலோ அதே பறவையின் ஒலி மறைந்திருப்போரைக் காட்டிக்கொடுக்கும் ஒலியாகிறது. தாய்மையும் காட்டிக்கொடுத்தலும் ஒரே குரலில் அமைந்த இப்பறவையை விடுதலையின் குறியீடு எனல் எங்ஙனம் பொருந்தும்?

வானமே பறவைக்கு உரியதாக இல்லாமற்போனமையும் கருதத்தக்கது. ஈழத்துப் பேச்சுவழக்கில் ‘கிபிர்’ என்பது குண்டுவீச்சு விமானம்; ‘வண்டு’ என்பது ஆளில்லா வேவு விமானம்; ‘சகடை’ என்பதும் ஒரு விமானத்தின் பெயரே. மக்கள் அவற்றுக்குப் பூச்சியின் பெயரையும் வண்டியின் பெயரையும் இட்டனர். பறவையின் பெயரைத் தாராமல் விட்டமை ஆராயத்தக்கது. வானத்தில் ஒலி கேட்டால் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கும் தாய்க்கு, மேலே பார்த்தல் ஏக்கத்தின் செயலாக இராது. அச்சத்தின் செயலாகவே இருக்கும். அவளுக்குப் பாதுகாப்பு மண்ணுக்குக் கீழே இருந்தது. பறத்தலை விடுதலையாகவும் நிலத்தை அடிமைத்தனமாகவும் வைக்கும் வாசிப்பு அவ்வாழ்வைத் தலைகீழாக்கிவிடுகிறது.

ஸ்வெட்லானா அலெக்சியேவிச் இரண்டாம் உலகப்போரில் பங்கேற்ற சோவியத் பெண்களின் வாய்மொழிகளைத் தொகுத்து 1985இல் நூலாக்கியபோது, பெண்களின் போர்க்கதைகளில் மனிதரோடு மண்ணும் பறவையும் மரமும் துன்புறுவதையும், அவை சொல்லின்றித் துன்புறுவதையும் எடுத்துக்காட்டினார். அங்குப் பறவை எதற்கும் குறியீடன்று. போரில் துன்புற்ற மற்றோர் உயிர். பெண் அதனைத் தன் உவமையாக்கிக் கொள்ளாமல் தன்னோடு துன்புற்ற ஒன்றாகக் காண்கிறாள். குறியீட்டாய்வு இவ்வாய்ப்புக்கும் இடம் விடவேண்டும்.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். இருபத்தோராம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புதினத்துக்குப் புறத்திணையைப் பொருத்துதல் காலவழு என்பது முதலாவது. மேனாட்டுக் கோட்பாடுகளைச் சங்கப்பாடலுக்குப் பொருத்தும்போது எழாத இவ்வையம் எதிர்த்திசையில் மட்டும் எழுதல் வியப்புக்குரியது. திணையைச் சூழலியல் திறனாய்வுக்குரிய கோட்பாடாக நிர்மல் செல்வமணி வளர்த்தெடுத்துள்ளமை, அது கடந்தகாலப் பனுவல்களுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டும். ஆயினும் இம்மறுப்பில் ஓர் எச்சரிக்கை உள்ளது. தொடாக்காஞ்சி ஆப்கான் பெண்ணின் வாழ்வை விளக்கிவிடாது. அவ்வாழ்வை நோக்கிச் சில வினாக்களை எழுப்பவே உதவும். ஒற்றுமையைக் கண்டவுடன் ‘நம் முன்னோர் அன்றே கூறினர்’ என மகிழ்ந்து முடித்தலும் மற்றொரு வாய்பாடே.

பெண்களே தம்மைப் பறவை என அழைத்துக்கொண்டிருக்க, அதனை மறுக்க ஆய்வாளர் யார் என்பது இரண்டாவது. இது கனமான வினா. அவ்வழைப்பை மறுத்தல் இங்கு நோக்கமன்று. யார், எப்போது, எந்த அமைப்புக்குள் நின்று அப்பெயரை ஏற்றனர். பின்னர் அதனை எவ்வாறு நோக்கினர் என்பதைப் பதிவுசெய்தலே வேண்டப்படுவது. ஒரு பெயரை ஏற்றவர்கள் அதன் விலையையும் பேசியுள்ளனர். ஆய்வு இரண்டையும் கேட்க வேண்டும்.

ஆய்வாளர் செய்யத்தக்கன

நடைமுறையில் மூன்று செயல்கள் உடனே இயலும். முதலாவதாக, புதினத்துப் பறவையை இனம் காணுதல். ‘ஒரு பறவை’ என எழுதாமல், அதன் பெயர், வட்டார வழக்கு, வாழிடம், இரை, பருவம் ஆகியவற்றை அறிந்து எழுதவேண்டும். பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இவ்வகையில் வழிகாட்டி. அதன் முறை தற்கால இலக்கியத்துக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, பறவையைக் காணும் கண் யாருடையது, அக்கணத்தில் அவள் கை எதைச் செய்கிறது என்பதைக் குறித்தல். மூன்றாவதாக, போரில் வாழ்ந்த பெண்களிடம் கேட்டல்.

மூன்றாவது செயல் சென்னையின் மேற்குப் புறநகரில் பயிலும் ஆய்வாளருக்குத் தொலைவானதன்று. புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன. அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ புறப்பட்டால் ஒரு முற்பகலுக்குள் அடைந்துவிடலாம். உரிய இசைவு பெற்று, பெயர் வெளியிடாத அறம் பேணி, அங்குள்ள முதிய பெண்களிடம் அவர்கள் ஊரின் பறவைப் பெயர்களைக் கேட்டுத் தொகுத்தால், ஈழப் புதினங்களுக்கு ஒரு சொல்லடைவாவது உருவாகும். அச்சொற்களை அறிந்த தலைமுறை முதுமையடைந்து வருகிறது. முகாமில் பிறந்த பிள்ளைகள் செம்போத்து என்றே சொல்லி வளர்வாராயின், செண்பகம் என்ற வழக்கு இங்கு மறையும்.

ஆவடியே ஒரு பாடம். விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது முதல் அஜேயாவும் அர்ஜுனும் உருவான கனரக வாகனத் தொழிற்சாலை அவ்வூரில் உள்ளது. அதே ஊரின் பருத்திப்பட்டு ஏரியில் கூழைக்கடாவும் நாரையும் வந்திறங்குகின்றன. போர்க்கருவியும் வலசைப் பறவையும் ஒரே ஊரின் அன்றாடமாக இருக்கையில், அவ்வூர்க் கல்லூரி மாணவர் போர்ப் புதினத்தின் பறவைக்குப் பொருள்தேட அயல்மொழிக் குறியீட்டகராதியை மட்டும் நம்பியிருத்தல் வேண்டா. ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது நின்று நோக்குதலும் ஆய்வின் பகுதியே.

நிறைவுரை

பறவையை விடுதலை எனக் கூறும் வாசிப்பு போரை வாழ்ந்த பெண்ணுக்கு ஓர் அழகிய ஏக்கத்தை மட்டும் தருகிறது. அவளுடைய உழைப்பையும் அச்சத்தையும் கணக்கையும் சினத்தையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது. புறநானூற்றுப் பெண் பறவையை விரட்டினாள். ரஹீமியின் பெண் காடையைப் பூனைக்குக் கொடுத்தாள். வன்னியின் தாய் வானத்தைக் கண்டு குழிக்குள் இறங்கினாள். இம்மூவரையும் கூண்டுப்பறவை என்ற ஒற்றைப் படத்துக்குள் அடக்குதல், அவர்கள் செய்தவற்றை மறைத்துவிடும்.

தொடாக்காஞ்சிப் பாடலில் காவலிருந்தவளின் நெஞ்சை இலக்கியம் பாடாமல் விட்டது. இன்றைய புதினங்கள் அந்நெஞ்சைப் பேசவைத்துள்ளன. அப்பேச்சில் வரும் பறவைக்குப் பெயர் கேட்பது ஆய்வாளரின் முதற்கடன். பொருள் உரைப்பது அதற்குப் பின்னரே.